வாத்து வேட்டைக்குப் போன அத்தான்

அத்தான் வாத்துச் சுடப் போகிறார் என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

"சிரிக்காதை. துவக்கு லைசன்சும் எடுத்திட்டார். சனிக்கிழமையளிலை வகுப்புக்குப் போயிருக்கிறார். நான் ஓவர்டைம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளோடு ரொறன்ரோவின் கிழக்கே மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுசில் இருந்தார்கள். நான் கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவர்களுக்குக் கிட்டவே ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தான் இந்த நாட்டில் எதையும் விட்டுவைக்காத மனிதர். வந்த முதல் குளிர்காலத்திலேயே ஸ்கேட்டிங் பழகப் போய்க் கையை முறித்தவர். உறைந்த ஏரியில் துளை போட்டு, பக்கத்தில் கதிரை வைத்து உட்கார்ந்து மீன் பிடித்தவர். "வந்தாச்சு. இனி இந்தச் சனம் செய்யிறது எல்லாத்தையும் நானும் ஒருக்காச் செய்துதான் பாக்கவேணும்" என்பார். அவர் வேலை செய்த இரும்புக் கதவுத் தொழிற்சாலையில் ஒரு வெல்டர் இருந்தார். மேற்கே சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஒரு கமத்தில், வயலும் மாடுமாக இருந்த பண்ணையில் பிறந்து, இளவயதில் ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர். ஒவ்வொரு ஒக்டோபரும் லீவு போட்டுவிட்டுத் தன் தமையனின் கமத்துக்கு வாத்து வேட்டைக்குப் போவார். வடக்கிலிருந்து குளிருக்கு முன் தெற்கே பறக்கும் காட்டு வாத்துகள் அந்த வயல்களில்தான் இறங்கித் தானியம் பொறுக்குமாம். வானம் கறுத்துப்போகுமாம். சாப்பாட்டு இடைவேளைகளில் அவர் சொன்ன இந்தக் கதைகள்தான் அத்தானை வகுப்பு வரை கொண்டுபோய் விட்டிருந்தன.

"நீயும் கூடப் போ" என்றாள் அக்கா.

"எனக்கு வெடிச்சத்தம் கேக்க விருப்பமில்லை அக்கா."

"அவருக்கும் விருப்பமில்லை. ஆனா அவருக்கு அது தெரியாது. அதுதான் உன்னைப் போகச் சொல்லுறன்."

நான் துவக்கு இல்லாமல், பார்க்க மட்டும் போவதென்று முடிவானது.

வெல்டரின் டிரக்கில் மூன்று பேரும் மாறி மாறிப் படுத்தும் இருந்தும் போனோம். வடக்கு ஒன்ராறியோவின் பாறையும் காடும் முடியவே முடியாது போலிருந்தது. பிறகு ஒரு மதியத்தில் மரங்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன. அதற்குப் பிறகு தரையும் வானமும் மட்டும்தான். அவ்வளவு வெளியை நான் அதற்கு முன் கடலில்தான் பார்த்திருக்கிறேன். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லையே என்று நினைத்தேன். யாரிடமிருந்து ஒளிய வேண்டும் என்று யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

கமக்காரர், வெல்டரின் தமையன், தம்பியைவிட உயரம். பேச்சும் குறைவு. கை கொடுத்துவிட்டு எங்கள் இருவரையும் சப்பாத்திலிருந்து தொப்பி வரைக்கும் பார்த்தார். அவருடைய மனைவி கொட்டிலில் தொங்கிய வேட்டை அங்கிகளைக் கொண்டுவந்து தந்தார். பச்சையும் மண்நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்த அங்கிகள். வாத்துக்குக் கண் கூர்மை. வயலின் நிறத்தில் இல்லாத எதைக் கண்டாலும் கிட்ட வராது என்றார்.

அத்தான் ஒன்றை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அந்த நிற உடுப்பில் ஆமிக்காரரைக் கண்டால் ஊரில் நாங்கள் வேலி பாய்ந்து ஓடியவர்கள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் அத்தான்.

கழட்டுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. "கொஞ்சம் பெரிசு" என்று மட்டும் சொன்னேன்.

கமக்காரர் மேசையில் துவக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே அத்தானிடம் கேட்டார். "முன்பு துவக்குப் பிடித்திருக்கிறாயா?"

"இல்லை. வகுப்பில் மட்டும்தான்."

அத்தான் கொஞ்சம் அவசரமாகவே சொன்னதாக எனக்குப் பட்டது. கமக்காரர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பத் துடைக்கத் தொடங்கினார்.

முதல் நாள் காலை நன்றாகவே போனது. அறுவடை முடிந்த பார்லி வயலில் ஆழமில்லாத குழிகள் வெட்டியிருந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக் வாத்துகளை மேய்கிற மாதிரிப் பரப்பிவைத்துவிட்டு, நாங்கள் குழிக்குள் கிடந்து வைக்கோலை மேலே இழுத்துக்கொண்டோம். வயலின் ஒரு பக்கத்தில் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சம்புப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நின்றது. விடியும்போது வாத்துகள் அந்தப் பக்கமிருந்து வந்தன. வெல்டர் சொன்ன கதைகள் பொய்யில்லை. முதலில் தூரத்தில் சந்தை இரைகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வரிசை வரிசையாக, முடிவில்லாமல்.

முதல் வெடி கேட்டதும் என் முகம் தானாக மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த குழியில் அத்தான் எழுந்து நின்று சுட்டார். அவருடைய கை நடுங்கவேயில்லை. இரண்டு வாத்துகள் விழுந்தன. கமக்காரர் முதல்முறையாகச் சிரித்து அவருடைய தோளில் தட்டினார். அந்த வீட்டு வேட்டை நாய் அந்தக் கோடையில் செத்துப்போயிருந்தது. அதனால் விழுந்ததை நாங்களே நடந்து போய் எடுத்துவந்தோம். அன்று மத்தியானம் அத்தான் அக்காவுக்குப் போன் பண்ணி ஒரு சின்னப் பிள்ளையைப் போலக் கதைத்தார்.

இரண்டாம் நாள் நாங்கள் எழும்பியபோது முற்றத்தில் நின்ற டிரக்கே தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. எங்கள் ஊர்ப் பேச்சில் அதைப் புகார் என்போம். கமக்காரருக்குச் சந்தோஷம். புகாரில் வாத்துகள் வழி தெரியாமல் மிகவும் தாழப் பறக்குமாம். "ஆனால் கவனம். நான் சொல்லாமல் யாரும் குழியை விட்டு வெளியே வரக்கூடாது" என்றார்.

குழிக்குள் கிடந்தபோது இருபது இருபத்தைந்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வைத்த பிளாஸ்டிக் வாத்துகளில் முதல் வரிசை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேல் சிறகடிக்கும் சத்தம் கேட்டது, பறவையைக் காணவில்லை. திடீரென்று ஒரு கூட்டம் புகாரைக் கிழித்துக்கொண்டு எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. மூன்று பேரும் சுட்டார்கள். ஒன்று சிறகு முறிந்து விழுந்து, எழும்பி, தத்தித் தத்தி நடந்து புகாருக்குள் போய் மறைந்தது.

"அது என்னுடையது" என்றார் அத்தான். "நான் போய் எடுத்து வருகிறேன்."

கமக்காரர் கொஞ்சம் யோசித்தார். காயப்பட்ட பறவையை விட்டுவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காது. "இடது பக்கம்தான் போனது. நேரே போ, நேரே திரும்பி வா. துவக்கைக் கொண்டுபோ. உயிரோடு இருந்தால் அதைத் துன்பப்பட விடாதே."

அத்தான் தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு போனார். சில அடிகளில் அவருடைய கால்கள் மறைந்தன. பிறகு முதுகும் மறைந்தது. காய்ந்த அரிதாள் நொறுங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது.

அடுத்த கூட்டம் வரும் சத்தம் வலது பக்கத்திலிருந்து கேட்டது. கமக்காரரும் வெல்டரும் துவக்கைத் தூக்கினார்கள்.

"அத்தான் இன்னும் வெளியில் நிற்கிறார்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"அவர் இடது பக்கம். நாங்கள் சுடுவது வலது பக்கம்" என்றார் கமக்காரர். அதற்குள் வாத்துகள் வந்துவிட்டன. இரண்டு துவக்கும் ஒன்றாக வெடித்தன. சன்னங்கள் எங்கேயோ தூரத்தில் சம்புப் புல்லின் மேல் சோளம் கொட்டுவதுபோலச் சடசடவென்று விழுந்தன.

நாங்கள் காத்திருந்தோம். அத்தான் வரவில்லை.

வெல்டர் வாயில் கையைக் குவித்து அத்தானின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். குரல் பஞ்சுக்குள் போனதுபோலப் போய்விட்டது. கமக்காரர் குழியை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

"வழி தவறிவிட்டார். மூன்று வெடி வைப்போம். காணாமல் போனவர்களுக்கு அதுதான் அடையாளம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்."

முதல் வெடி. இரண்டாவது. மூன்றாவதுக்கு முன் இருந்த சிறு இடைவெளியில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. இடது பக்கமில்லை, வலது பக்கம், தண்ணீர்ப் பள்ளத்தின் திசையில். ஆள் தண்ணீருக்குள் அவசரமாக நடக்கும் சளக் சளக் சத்தம். சம்பு முறிகிற சத்தம். மூன்றாவது வெடி வெடித்தது. சத்தம் உடனே நின்றது.

அத்தான் வட்டமடித்துத் தண்ணீர்ப் பள்ளத்துக்குப் போயிருக்கிறார் என்பது எங்கள் மூன்று பேருக்குமே விளங்கியது. ஆனால் எனக்கு வேறொன்றும் விளங்கியது. வழி தவறிய ஆள் வெடி கேட்ட பக்கத்துக்கு வருவான். இந்தச் சத்தம் எங்களை விட்டு விலகித்தான் போனது.

"பள்ளத்தில் இருக்கிறார்! இன்னும் மூன்று வைக்கிறேன்" என்று கமக்காரர் தோட்டாவைப் போட்டு மூடினார்.

"வேண்டாம். சுட வேண்டாம்."

"திசை தெரியாமல் நிற்கிறார். தண்ணீர் உறைகிற குளிர். நேரமில்லை."

"அவர் எங்களிடமிருந்து ஒளிந்து நிற்கிறார்."

"எங்களிடமிருந்தா? ஏன்?"

"நாங்கள் யாரென்று அவருக்கு இப்போது தெரியவில்லை."

"நேற்றிரவு என் மேசையில் இருந்து சாப்பிட்டவர்!" கமக்காரரின் குரல் உயர்ந்தது. அவர் துவக்கை வானத்துக்குத் தூக்கினார்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. குழலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். சுட்ட சூட்டில் அது கையைச் சுட்டது. கமக்காரரின் முகம் சிவந்துவிட்டது. அவருடைய கமத்தில், அவருடைய துவக்கின் குழலைப் பிடித்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒருவன் நிற்கிறான். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கள் நாட்டில்" என்று தொடங்கினேன். ஆங்கிலம் வரவில்லை. "எங்கள் நாட்டில் இந்த உடுப்புப் போட்டவர்கள், துவக்கோடு, வேறு பாஷையில் கூப்பிட்டுக்கொண்டு தேடி வருவார்கள். பதில் சொன்னவன் செத்தான்."

இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெல்டர்தான் முதலில் அசைந்தார். தமையனின் கையிலிருந்து மெதுவாகத் துவக்கை வாங்கினார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவரிடமும் துவக்கு இருக்கிறது. நிரப்பிக்கொண்டுதான் போனார்."

அது வரைக்கும் அது என் நினைவில் இருக்கவில்லை.

நான் வேட்டை அங்கியைக் கழற்றி வைக்கோல் மேல் போட்டேன். உள்ளே ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் மலிவு விற்பனையில் வாங்கிய மஞ்சள் சுவெட்டர். அந்த மண்நிற வயலில் அது விளக்குப் போலத் தெரிந்திருக்கும். நான் முன்னால் போகிறேன், நீங்கள் தூரத்தில் நில்லுங்கள் என்று கையால் காட்டினேன். கமக்காரர் தன் அங்கியையும் கழற்றினார்.

சம்புப் புல் தொடங்கிய இடத்தில் நிலம் காலைப் பிடித்து இழுத்தது. இன்னும் சில அடிகளில் தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்கியது. அந்தக் குளிர் எலும்பில் கத்தி வைத்ததுபோல இருந்தது. அத்தான் எவ்வளவு நேரமாக இதற்குள் நிற்கிறார் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

"அத்தான், நான்தான். ஒருத்தரும் இல்லை. வாங்கோ."

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டவே நிற்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் பதுங்கிக் கிடந்து பழகியவர்களுக்கு அது தெரியும்.

"அத்தான், பயப்பிடாதேங்கோ. தமிழாக்கள்தான்."

ஒரு உலோகச் சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். துவக்கின் பூட்டை நீக்கும் சத்தம். முதல் நாள் முழுக்க அதைப் பக்கத்துக் குழியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கால்கள் நின்றுவிட்டன. திரும்பி ஓடினால் முதுகைக் காட்ட வேண்டும். முன்னால் போனால் நெஞ்சு. என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா உங்களைக் காருக்கு விண்டர் ரயர் போடச் சொன்னவ. நீங்கள் போடாமல் வந்திட்டியள். வீட்டை போனால் எனக்கும் சேத்துத்தான் பேச்சு விழும். மூத்தவனுக்குப் புதன்கிழமை பல்லு டொக்டர். ஆர் கூட்டிக்கொண்டு போறது? நான் இரவு வேலை, என்னாலை ஏலாது. கேக்குதோ? சின்னவளுக்கு ஸ்கேட்ஸ் வாங்கித் தாறனெண்டு சொன்னனீங்கள். பிள்ளை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியுது. வெள்ளை ஸ்கேட்ஸ் வேணுமெண்டு..."

சம்புக்குள்ளிருந்து, மிகவும் கிட்ட, ஒரு கரகரத்த குரல் வந்தது.

"ஊதா."

"என்ன?"

"ஊதா எண்டெல்லோ சொன்னவள்."

நான் புல்லை விலக்கினேன். அத்தான் வயிறு வரைக்கும் தண்ணீருக்குள் நின்றார். உதடு நீலமாக இருந்தது. துவக்கு தண்ணீர் படாமல் தோள் உயரத்தில் என்னை நோக்கி நீட்டப்பட்டிருந்தது. அந்தப் பிடி சனிக்கிழமை வகுப்பில் படித்த பிடியில்லை. அத்தான் ஒருகாலம் துவக்குத் தூக்கியவர் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய கண் என்னைப் பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக என்னை அடையாளம் கண்டது. குழல் மெல்லக் கீழே இறங்கியது.

"நீயோடா?" என்றார்.

"ஓம் அத்தான். உதைத் தாங்கோ."

தந்தார். கை விறைத்து, விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விலக்கி எடுக்க வேண்டியிருந்தது. அவரால் நகர முடியவில்லை. முழங்கால் வரை சேறு பிடித்திருந்தது. இழுத்தேன். நானும் சேர்ந்து இறங்கினேனே ஒழிய அவர் அசையவில்லை.

"அவையளைக் கூப்பிடப்போறன். அந்த வெல்டரையும் தமையனையும். சரியோ?"

அத்தான் யோசித்தார். அந்த யோசனை எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

கமக்காரர் சிவப்புக் கட்டம் போட்ட சேர்ட்டோடு வந்தார். பிளாஸ்டிக் வாத்துகளை ஏற்றி இழுத்துவரும் சறுக்குவண்டியைக் கொண்டுவந்து சேற்றுத் தண்ணீரின் மேல் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, அத்தானின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தார். நானும் வெல்டரும் அவருடைய காலைப் பிடித்து இழுத்தோம். சப்பாத்து இரண்டும் சேற்றோடு போக, அத்தான் வெளியே வந்தார். வெல்டர் ஓடிப்போய் டிரக்கை வயலுக்குள்ளேயே கொண்டுவந்தார்.

டிரக்கின் ஹீட்டர் முழு வேகத்தில் இரைந்தது. அத்தானின் நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு, எங்களுடைய காய்ந்த அங்கிகளால் சுற்றி, எனக்கும் கமக்காரருக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டோம். அவர் நடுங்கவில்லை. அது நல்லது என்று நினைத்தேன். கமக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்தபடி, "நடுங்கத் தொடங்கும் வரை எனக்கு நிம்மதியில்லை. பேச்சுக் கொடு. தூங்க விடாதே" என்றார். நான் திரும்பவும் ரயர், பல்லு டொக்டர், ஸ்கேட்ஸ் என்று தொடங்கினேன். அத்தான் கண்ணை மூடினார். கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார்.

வீட்டில் கமக்காரரின் மனைவி அடுப்பங்கரையில் மெத்தையை இழுத்துப் போட்டார். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, காதில் போனை வைத்தபடியே எங்களுக்கு உத்தரவு போட்டார். தேய்க்காதீர்கள். சுடுதண்ணீர் வேண்டாம். நெஞ்சைச் சூடாக்குங்கள். எல்லாம் செய்தோம். அந்த வீட்டு மணிக்கூட்டின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. ஆம்புலன்ஸ் அந்தப் புகாரில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒரு வசனத்தைத் தொடங்கி, முடிக்க முடியாமல் விட்டேன்.

அப்போது அத்தானின் தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுக்க மெத்தையோடு சேர்ந்து நடுங்கத் தொடங்கியது. கமக்காரர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அத்தான் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, சீனி நிறையப் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, கால்விரல்களைக் கவனிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் புகார் விலகி வெயில் வந்தது. வெல்டர் அத்தானுக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டார். "எங்கள் குரல் கேட்டதா? ஏன் பதில் சொல்லவில்லை?"

அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். "காதில் விழவில்லை" என்றார்.

வெல்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கமக்காரர் குறுக்கே சொன்னார். "மூடுபனியில் சத்தம் அப்படித்தான். பக்கத்தில் நின்றாலும் கேட்காது." சொல்லிவிட்டு எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில், பெரிய ஏரியை ஒட்டிய பாதையில், வெல்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தமிழில் பேசத் தொடங்கினார்.

"முதலிலை வாத்தைத்தான் தேடினனான். பிறகு தலைக்கு மேலாலை சன்னம் வந்து விழுந்திது. அதுக்குப் பிறகு வாத்தும் இல்லை, கனடாவும் இல்லை."

நான் அவருடைய முழங்காலில் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீ தமிழிலை கூப்பிடேக்கையும் நான் நம்பேல்லை. தமிழிலை கூப்பிட்டு, வந்தவனைச் சுட்டதையும் கண்டனான். உன்ரை நெஞ்சுக்கு நேரைதான் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மஞ்சள் நல்லாத் தெரிஞ்சுது."

"பிறகு?"

"ஸ்கேட்ஸ் எண்டாய். எனக்குக் குழம்பிப் போச்சு. என்னைத் தேடி வாறவங்களுக்கு ஸ்கேட்ஸ் எப்பிடித் தெரியும் எண்டு யோசிச்சன். அதுவும் நீ நிறத்தைப் பிழையாச் சொல்லுறாய்."

பதினெட்டு வயதில் ஒரு இயக்கத்தில் சேர்ந்து கொஞ்ச மாதங்கள் துவக்குத் தூக்கியதைச் சொன்னார். விட்டுவிட்டு வந்ததையும், தேடி வந்தவர்களிடமிருந்து ஒளிந்து ஒரு குளத்துக்குள் நின்றதையும் சொன்னார். கூட நின்றவன் பதில் குரல் கொடுத்ததைச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"கலியாணத்துக்கு முதலே சொல்லிப்போட்டன். அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கும்தான்."

வெல்டர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இவ்வளவு நேரமாக என்ன கதை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மகளுக்கு ஸ்கேட்ஸ் வாங்குகிற கதை" என்றார் அத்தான்.

அத்தான் தண்ணீருக்குள் போய்க் கால்விரல்கள் விறைத்ததை மட்டும் கமத்திலிருந்து போனில் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா அவரைக் கதிரையில் இருத்தி, காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. எல்லா விரலும் இருந்தன. பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு அழுதாள். நான் நடந்ததைச் சொன்னேன், அந்தக் குழல் என் பக்கம் நீண்டிருந்ததைத் தவிர. அதை அத்தானே அவளிடம் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

குளிர்காலம் முழுக்க அத்தான் வேலைத்தலத்தில் வெல்டரோடு இருந்து சாப்பிடவில்லை. வசந்தம் வந்து ஒருநாள் தானாகவே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெல்டர் சாண்ட்விச்சைக் கையில் வைத்தபடி, மணி அடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில், "என் அண்ணனுக்குச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டாராம். சொல்லலாம் என்றாராம் அத்தான்.

அந்த செப்டெம்பரில் கமக்காரரே மல்வேர்னுக்குப் போன் பண்ணினார். அக்காதான் எடுத்தாள். துவக்கு இல்லாமல் வரச் சொல், வேட்டை இல்லாமலும் இங்கே பார்க்க நிறைய இருக்கிறது என்றாராம். அக்கா அன்றிரவு முழுக்க யோசித்துவிட்டு, போகட்டும் என்றாள். நான் போகவில்லை. வெல்டரின் டிரக் பார்க்கிங்கில் வந்து நின்றபோது அக்கா வெளியே போய், தயார் பண்ணி வைத்திருந்த ஒரேயொரு ஆங்கில வசனத்தை அவரிடம் சொன்னாள்: "முழுதாகக் கொண்டுவந்து தாருங்கள்." வெல்டர் தொப்பியைக் கழற்றி, சரி என்றார்.

அந்தக் கிழமை முழுக்க நான் வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். எட்டாம் நாள் பின்னேரம் அவர்கள் வந்துவிட்டார்கள். அத்தானின் மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஒரு பெட்டி நிறையத் துப்புரவாக்கிய வாத்து இறைச்சி.

"அப்ப, துவக்கும் இல்லாமல் அங்கை என்ன செய்தனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"சமைச்சனான். நீ தந்துவிட்ட மிளகாய்த்தூளிலை வாத்துக்கறி வைச்சன். கமக்காரர் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்."

"உறைப்பெண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னவர். கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சொல்லிக்கொண்டுதான் சாப்பிட்டவர்."